ஒன்று இரண்டாய்த் தெரிந்தால்: சீனி வருத்தமும் கண்ணை அசைக்கும் நரம்புகளும்

தரம் 11 மாணவர்களுக்கு அன்று இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வாங்கில் இருந்த நான்கு பிள்ளைகளும் எட்டுப் பேராகத் தெரிந்தார்கள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். எட்டுப் பேர்தான். கையிலிருந்த பாடநூலைக் குனிந்து பார்த்தால் எழுத்து ஒன்றாகத்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தபோது எட்டுப் பேரும் மறுபடி நான்கு பேரானார்கள்.

"டீச்சர், ஏன் சரிச்சுப் பாக்கிறீங்க?" என்று முன்வாங்குப் பிள்ளை கேட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே இடது புருவத்துக்கு மேல் ஒரு குத்து இருந்தது. பீனிசம் என்று நினைத்துத் தைலம் பூசினேன். இரண்டாய்த் தெரிவதற்கும் அந்தக் குத்துக்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று மூன்று நாள் கடத்தினேன். அந்த மூன்று நாளும் இடது கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போய்வந்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் உயிரோடு மட்டுமல்ல, வீதியில் போன மற்றவர்களின் உயிரோடும் விளையாடியிருக்கிறேன்.

நான் வைத்தியர் அல்ல, தமிழ் படிப்பிக்கிறவள். ஆனால் இந்த வருத்தத்தைப் பற்றி நம்மவர்களுக்காக நம்மவர் மொழியில் எழுதப்பட்டதைத் தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. வைத்தியர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டதையும், வாசித்து அறிந்ததையும், அனுபவித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது என் மாமியின் கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

கண் வைத்தியர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "ஒரு கண்ண மூடினா இரட்டையாத் தெரியிறது நிக்குதா?"

நிற்கிறது என்றேன். எந்தக் கண்ணை மூடினாலும் நின்றது. அந்த ஒரு பதிலிலேயே பாதி விடயம் அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்போதும் இரண்டாகத் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கும். கண்புரை, பார்வைக் குறைபாடு, கண்ணின் முன்பக்க உலர்வு போன்றவை காரணமாகலாம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மட்டும் இரண்டாகத் தெரிந்தால், இரண்டு கண்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று பொருள். அங்கே கண்ணை அசைக்கும் தசையையோ அதை இயக்கும் நரம்பையோ சந்தேகிக்க வேண்டும்.

வாசகர்கள் இதை இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு விரலை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, விரலைப் பார்க்காமல் தூரத்துச் சுவரைப் பாருங்கள். விரல் இரண்டாகும். இரு கண்களின் பார்வையும் விரலிற் குவியாததால் அப்படித் தெரிகிறது. பஸராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் ஹைதம், தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இரு கண்களின் பார்வையும் ஒரு பொருளிற் சந்திக்கும்போது அது ஒன்றாகவும், சந்திக்காதபோது இரண்டாகவும் தெரிவதை அவர் பலகையொன்றில் பொருட்களை நிறுத்திச் சோதித்துக் காட்டினார். அந்தப் பலகைச் சோதனையை என் தலைக்குள்ளேயே நடத்திக் காட்டியது என் சீனி வருத்தம்.

ஆறு தசைகள், மூன்று நரம்புகள்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் 12 சோடி மண்டையோட்டு நரம்புகளில் மூன்று சோடிகள் அவற்றை இயக்குகின்றன.

மூன்றாம் நரம்புக்குத்தான் வேலை அதிகம். ஆறில் நான்கு தசைகள் அதன் பொறுப்பு. மேல் இமையைத் தூக்குவதும் அதுதான். கண்ணின் பாவையைச் சுருக்குகிற நார்களும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. அது செயலிழந்தால் இமை விழுந்துவிடும். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் ஒதுங்கி நிற்கும்.

நான்காம் நரம்புக்கு ஒரேயொரு தசைதான். அது பழுதானால் உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். படியிறங்கும்போதும் ஓதும்போதும், அதாவது கண் கீழ்நோக்கும்போது, அது கூடும். தலையை ஒரு தோள்பக்கமாகச் சரித்துக்கொண்டால் குறையும்.

ஆறாம் நரம்புக்கும் ஒரு தசைதான். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்புவது அதன் வேலை. எனக்குப் பழுதானது இடது கண்ணின் ஆறாம் நரம்பு. அதனால் இடது கண் மூக்குப்பக்கமாகச் சற்று ஒதுங்கி நின்றது. உருவங்கள் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டாகத் தெரிந்தன. தூரத்தைப் பார்க்க இரு கண்களும் விரிந்து நிற்க வேண்டும். கிட்டத்தைப் பார்க்க இரண்டும் உள்நோக்கினாற் போதும். கடைசி வாங்கு இரண்டாகவும் பாடநூல் ஒன்றாகவும் தெரிந்ததன் இரகசியம் இதுதான். தலையை இடப்பக்கம் திருப்பியபோது இடது கண்ணுக்கு வெளிப்பக்கம் திரும்ப வேண்டிய தேவை இல்லாமற் போனது. அதனால் ஒன்றாகத் தெரிந்தது.

இரண்டு கண்களும் ஒரு நுகத்திற் பூட்டிய சோடி மாடுகள் போல. ஒன்று திரும்ப மறுத்தால் மற்றது எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் வண்டி நேரே போகாது.

சீனிக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

சீனி வருத்தம் காலை விறைக்கச் செய்யும் என்பது நமக்குத் தெரியும். கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பை அது எப்படித் தொடுகிறது?

நரம்பும் உயிருள்ளதுதான். அதற்கும் இரத்தம் வேண்டும். தலைமயிரைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள் நரம்புக்குள் புகுந்து அதற்கு உணவூட்டுகின்றன. இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடி நின்றால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து உள்வழி ஒடுங்குகிறது. பிரஷரும் கொலஸ்ட்ரோலும் புகைத்தலும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒருநாள் ஒரு சின்னக் குழாய் அடைபட்டு நரம்பின் ஒரு துண்டு இரத்தமில்லாமல் வாடிப்போகிறது. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் ஒரு மூலை காய்வதைப் போலத்தான். அதனால்தான் இது படிப்படியாக வராமல் திடீரென்று வருகிறது. பலருக்குக் கண்ணைச் சுற்றியோ புருவத்திலோ வலியும் இருக்கும். என் புருவத்துக் குத்து பீனிசமல்ல.

நரம்பு முற்றாக அறுந்துவிடுவதில்லை என்பது நல்ல செய்தி. அநேகமானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள், சிலருக்கு ஆறு மாதம்வரை சென்று, அது தானாகவே தேறிவிடும்.

பாவை சொல்லும் சேதி

கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டத்தைத் தமிழில் பாவை என்கிறோம். பாவை என்றால் பொம்மை. ஒருவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே சின்னப் பொம்மையாகத் தெரியும். அதனால் வந்த பெயர். இலத்தீன் மொழியிலும் அதற்குச் 'சின்னப் பொம்மை' என்ற பொருளுள்ள சொல்தான். அரபியில் 'இன்ஸானுல் ஐன்', கண்ணின் மனிதன். மூன்று மொழிக்காரரும் அங்கே ஓர் உருவத்தைக் கண்டிருக்கிறார்கள். வைத்தியர்களோ அங்கே ஆபத்தின் அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

மூன்றாம் நரம்பை ஒரு தடித்த கயிறாக நினைத்துக்கொள்ளுங்கள். பாவையைச் சுருக்கும் நார்கள் அந்தக் கயிற்றின் மேற்புறத்தில் ஓடுகின்றன. சீனி வருத்தம் கயிற்றின் உட்பகுதியைத்தான் பெரும்பாலும் வாட்டுகிறது. ஆகவே இமை விழுந்தாலும் கண் ஒதுங்கினாலும், பாவை பெரும்பாலும் மற்றக் கண்ணின் பாவை அளவிலேயே இருக்கும். ஆனால் மூளையின் அடிப்பக்கத்தில் ஓர் இரத்தக்குழாய் பலூன்போல வீங்கி நரம்பை வெளியிலிருந்து நெரித்தால், முதலில் நசிவது மேற்புற நார்கள். அப்போது பாவை விரிந்துவிடும். அந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இமை விழுந்து, பாவையும் விரிந்திருந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

பாவை சரியாக இருப்பதால் மட்டும் வீட்டிலிருந்தபடி "இது சீனிதான்" என்று முடிவுகட்டவும் முடியாது. பக்கவாதம், மூளைக்கட்டி, தைரொயிட் கோளாறு, மாலையாக ஆகத் தசை சோர்ந்துபோகும் வேறொரு நோய், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நெற்றிப்பொட்டு இரத்தக்குழாயில் வரும் அழற்சி என்று பல காரணங்கள் உள்ளன. எனக்கு ஐம்பது ஆகாததால் "சீனி இருக்கு எண்டதுக்காக நாங்க விட ஏலாது" என்று சொல்லி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நான் செய்தது, செய்யாமல் விட்டது

எனக்குச் சீனி வந்தது புதிதல்ல. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே இருந்தது. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது. போய்விட்டது என்றே நானும் இருந்துவிட்டேன். கர்ப்பகாலத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 கிழமைக்குள் ஒருமுறையும், பின்னர் 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். எனக்கும் சொன்னார்கள். நான் போகவில்லை. நாற்பது வயதில் மறுபடி கண்டுபிடித்துக் கிளினிக் கொப்பி தந்தார்கள். பாடசாலை நாளில் கிளினிக் வரிசையில் நின்றால் பிள்ளைகளின் பெற்றோர் காண்பார்களே என்ற வெட்கத்தில் அதையும் இடையில் விட்டேன். பார்மசியில் பழைய துண்டைக் காட்டி, நினைத்தபோது குளிசை வாங்கினேன்.

கண் இரண்டாய்த் தெரிந்த நாளில் என் மூன்று மாதச் சராசரிச் சீனி, அதாவது எச்.பி.ஏ.1.சி. அளவு, 9.8 வீதம். பொதுவாக 7 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து வைத்தியர் அதைக் கூட்டிக் குறைப்பார்.

நரம்பை உடனே தேற்றும் மருந்து இல்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை மறைத்து ஒட்டிவிட்டார்கள். இரட்டை போனது, ஆனால் ஆழம் தெரியாமற் போனது. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். சிலருக்குக் கண்ணாடியில் ஒட்டக்கூடிய பட்டகத் தாள் கொடுப்பதுண்டு. ஆறு மாதத்துக்கு மேலாகியும் தேறாமல் அப்படியே நின்றுவிட்டால் சத்திரசிகிச்சையும் உண்டு. மூன்று மாதத்தில் தேறவே இல்லையென்றால் காரணம் சீனிதானா என்று மீண்டும் தேடவேண்டும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றையும் கட்டுப்படுத்துவதுதான் இன்னொரு நரம்புக்கு இது வராமலிருக்க நாம் செய்யக்கூடிய காரியம்.

ஏழாம் கிழமை இடது கண் மெல்ல அசையத் தொடங்கியது. பதினோராம் கிழமை கடைசி வாங்குப் பிள்ளைகள் நான்கு பேராகவே இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

மாமியின் கதை

இப்போது மாமியிடம் வருகிறேன். வாப்பாவின் தங்கை அவர். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் அவருடைய வலது இமை மூடிக்கொண்டது. கடுமையான வலி. தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

"கண்ணூறு புள்ள. அந்தக் கல்யாண ஊட்டுல எத்தின கண்ணு" என்றார் உம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள். பரிசாரி எண்ணெய் கொடுத்தார். பத்தாம் கிழமை இமை திறந்தது. குடும்பம் முழுவதும் சந்தோஷப்பட்டு ஏழைகளுக்குச் சோறு கொடுத்தோம். மாமிக்கு இரத்தம் சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓதிப் பார்ப்பதை நான் குறைசொல்லவில்லை. எனக்கு இது வந்தபோதும் உம்மா ஓதி ஊதினார். அந்தக் கை தலையிற் பட்டபோது வந்த ஆறுதலை எந்த ஸ்கேனும் தரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. இது தானாகத் தேறும் வருத்தம். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிழமைக்குள் நாம் எதைச் செய்கிறோமோ அதற்குத்தான் பெயர் போகும். எண்ணெய் பூசினால் எண்ணெய்க்கு, இலைச்சாறு குடித்தால் இலைக்கு. இமை திறந்ததும் வருத்தம் முடிந்தது என்று நம்பிவிடுகிறோம். உள்ளே இரத்தக்குழாய்களை ஒடுக்கிக்கொண்டிருக்கும் சீனி அப்படியே இருக்கிறது.

மூன்று வருடங்களின் பின் மாமிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கியது. விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தது. அதுவும் சீனியின் வேலைதான், ஆனால் இது தானாகத் தேறும் வகையல்ல. இப்போது மாமிக்கு உருவங்கள்தான் தெரியும், முகங்கள் தெரியாது. குரலைக் கேட்டுத்தான் என்னை அறிகிறார். "அந்த நேரம் ஆராவது ரெத்தம் பாக்கச் செல்லியிருந்தா போயிருப்பன் மகள்" என்று ஒருநாள் சொன்னார். என்னிடம் பதிலில்லை. அந்த வீட்டிலே பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான்.

நாம் செய்யக்கூடியவை

இரண்டாய்த் தெரிந்தால் முதலில் ஒரு கண்ணை மாறி மாறி மூடிப் பாருங்கள். என்ன முடிவு வந்தாலும் வாகனம் ஓட்ட வேண்டாம். அன்றே வைத்தியரைக் காணுங்கள்.

பாவை விரிந்திருந்தால், இமை விழுந்தால், இதுவரை வராத கடுந்தலையிடி வந்தால், கழுத்து விறைத்தால், கை கால் இழுத்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சீனி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறது என்பது அதற்குச் சமாதானமல்ல. மாமிக்கும் கடைசிவரை நன்றாகத்தான் தெரிந்தது.

நோன்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரமழானுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே வைத்தியரிடம் போய் நோற்கலாமா, குளிசையை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். விரலிற் குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பெரும்பான்மையோரின் கருத்து. இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் வழிகாட்டல். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை அல்குர்ஆனின் சூரதுல் பகரா தெளிவாகச் சொல்லும்போது அதைப் பாரமாக நினைப்பதற்கு நாம் யார்?

நம்முடைய பந்திகளும் மாற வேண்டும். சஹனில் வட்டிலப்பத்தை வேண்டாம் என்று தள்ளுகிறவரை "ஒரு நாளைக்குத்தானே" என்று வற்புறுத்துவதை விருந்தோம்பல் என்று எண்ணாதிருப்போம். அந்த ஒரு நாள் கிழமைக்கு மூன்றுதரம் வருகிறது.

இப்போது மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். போன மாதம் என் மாணவியின் உம்மா ஒருவர் கண்டுவிட்டார். "டீச்சருக்கும் சீனியா?" என்றார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாக, தனக்கும் மூன்றாவது பிள்ளையோடு வந்தது, அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை என்றார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் இரத்தம் கொடுக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.